யாரும் கேட்காத நேரத்தில் பாட்டு எங்கே இருக்கிறது?

ஓரங்கட்டிய பழைய கணினியில் லினக்ஸ் ஏற்றி, நேவிட்ரோம் என்ற இலவச மென்பொருளை நிறுவினால் வீட்டுக்கென்று ஓர் இசை சர்வர் தயார். வேகமான சிப் தேவையில்லை. பெரிய ஹார்ட் டிஸ்க் போதும். சிடிக்களை ஃபிளாக் கோப்புகளாக்கி அடுக்கிவிட்டால், வீட்டு வைஃபையில் எந்தக் கைபேசியிலும் கேட்கலாம். வேலை அவ்வளவுதான். கேள்விதான் பெரியது: யாரும் கேட்காதபோது அந்த டிஸ்க்கில் கிடப்பது பாட்டா?

இந்தியத் தத்துவத்தில் இது பழைய வழக்கு. சொல் என்றும் உள்ளது, வாய் அதை வெளிப்படுத்துகிறதே தவிர உண்டாக்குவதில்லை என்றார்கள் வேத விளக்க மரபினரான மீமாம்சகர்கள். வேதத்துக்கு ஆசிரியர் இல்லை என்று நிலைநாட்ட அவர்களுக்கு இந்த வாதம் வேண்டியிருந்தது. நியாய மரபைச் சேர்ந்த நையாயிகர்கள் ஒப்பவில்லை. ஒலி பிறக்கிறது, நீரில் அலை அடுத்த அலையை எழுப்புவதுபோல ஒன்று இன்னொன்றைப் பிறப்பித்துக் காதை எட்டுகிறது, அழிகிறது என்றார்கள்.

சர்வருக்குள் பார்த்தால் நையாயிகர் பக்கமே வலுக்கிறது. சிடியில் நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட். இடம், வலம் இரண்டுக்குமாக நொடிக்கு 14,11,200 பிட். ஃபிளாக் இதை ஒரு பிட்டும் இழக்காமல் சுருக்கி வைக்கிறது. அத்தனையும் எண்கள். ஸ்பீக்கர் அதிரும்போதுதான் ஒலி பிறக்கிறது.

வெளியூரிலிருந்து கைபேசி டேட்டாவில் கேட்டால் நிலைமை வேறு. அப்படி அமைத்திருந்தால், சர்வர் அந்தக் கோப்பை ஓபஸ் வடிவத்துக்கு மாற்றி, மெலிதாக்கி அனுப்புகிறது. எண்கள் அடியோடு மாறிவிடுகின்றன. கேட்பவரோ அதே பாட்டு என்கிறார். இதற்கு மீமாம்ச சூத்திரங்களை இயற்றிய ஜைமினி எப்போதோ பதில் வைத்திருக்கிறார்: பலர் சேர்ந்து உச்சரித்தால் பெருகுவது நாதம், சொல் அல்ல. அவருக்கு உரை எழுதிய சபரர் இன்னும் கூர்மையானவர். ‘பசு’ என்ற சொல்லை எட்டு முறை சொன்னார் என்கிறோம். எட்டுப் பசுச் சொற்களைச் சொன்னார் என்பதில்லை. சர்வரின் கணக்கும் இதுவே. எட்டு முறை கேட்ட பாட்டு பட்டியலில் எட்டாகப் பெருகாது. ஒரே பாட்டின் எதிரே 8 என்று நிற்கும்.

ஆக வழக்கு தீர்ந்ததா? பாதிதான். மீமாம்சகர் வாதம் தியாகராஜர் கீர்த்தனைக்குப் பொருந்தும். அவர் 1847இல் மறைந்தார். சீடர் பரம்பரைகளில் வாய் மாறி, பாடம் மாறியும் கீர்த்தனை அதுவாகவே இருக்கிறது. கச்சேரியில் அதற்கு முன் வரும் ஆலாபனை அப்படியல்ல. அது அன்று மாலை, அந்த மேடையில் பிறந்தது. பாடியவரே மறுநாள் அதை அச்சாகத் திரும்பப் பாட மாட்டார். அழிய வேண்டிய அந்த ஒலியைப் பதிவு மீண்டும் மீண்டும் பிறக்க வைக்கிறது. நையாயிகர்களின் கணக்கில் இப்படியொரு மறுபிறப்புக்கு இடமே இருந்ததில்லை.

இசைத் தகவல்களைத் தொகுக்கும் மியூசிக்பிரெய்ன்ஸ் தளம் படைப்பையும் பதிவையும் தனித்தனியாகவே வைக்கிறது. கீர்த்தனைக்கு இரண்டும் உண்டு. ஆலாபனைக்கோ குறித்துக்கொள்ள ஒரு சாகித்தியம் இல்லை; ராகம், பாடியவர், இடம், தேதி மட்டுமே. கேசட்டிலிருந்து ஏற்றுகிறவர்கள் முதலில் நிரப்ப வேண்டியவை இவைதான். உறையில் எழுதிய மை மங்கிவிட்டால், அது எந்த மாலை என்பதைக் கோப்பிலுள்ள எண்கள் சொல்லாது.