மேட்டுப்பாத்தியும் முதற்சீலமும்

பெருங்கடவிளையில் தென்னைகளுக்கிடையே கிடந்த சிறு நிலத்தில் நான்கு மேட்டுப்பாத்திகள் அமைத்து நாம் காய்கறி பயிரிடத் தொடங்கிய ஆண்டில், உபாசகர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு ஒரு வினா எழுப்பினார். “உயிர்க்கொலை தவிர்ப்பேன் என்று நாள்தோறும் ஓதுகிறோம், மண்வெட்டி விழுமிடமெல்லாம் மண்புழு இரண்டு துண்டாகிறதே, இதற்கு என்ன சமாதானம்?” என்றார். அவர் கேலிக்காகக் கேட்டவர் அல்லர். அண்மையில்தான் பஞ்சசீலம் ஏற்றவர். ஏற்றதை எழுத்துக்கு எழுத்து காக்க விழைபவர். அன்று நாம் கூறிய விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. ஆதலின் இங்கு சற்று ஆராய்வோம்.

மண்ணைத் தோண்டுவதில் உயிர்க்கேடு உண்டென்பதை விநயபிடகமே ஒப்புக்கொள்கிறது. ஆளவி நகரத்தில் பிக்குகள் மண்ணைத் தோண்டியபோது பொதுமக்கள் குறைகூறினர். அதன்பேரில் தோண்டுதலும் பிறரைத் தோண்டச் செய்தலும் பிக்குகளுக்கு விலக்கப்பட்டன. அதனை அடுத்த விதி, செடிகொடிகளுக்கு ஊறு செய்வதை விலக்குகிறது. இல்லறத்தாருக்கோ இவ்விலக்குகள் இல்லை. அங்ஙனமாயின், பிக்குவின் பாத்திரத்தில் விழும் கீரைக்காக மண்ணைக் கொத்திய பாவம் உபாசகன் தலையில் ஏறுகிறதா? இது நெடுநாள் நம் உள்ளத்தை உறுத்திய ஐயம்.

இதற்கு வழி காட்டுவது, வினை என்பது கருத்தே என்னும் பகவானின் கோட்பாடு. உடலால் செய்யும் வினையே பெரிதென்று நிகண்டர் கொண்டனர். மனத்தால் செய்வதே பெரிதென்று பகவான் உபாலி என்னும் இல்லறத்தானுக்கு விளக்கினார். பின்வந்த உரையாசிரியர்கள் கொலைக்கு ஐந்து உறுப்புகள் வகுத்தனர்: உயிருள்ள பொருள், அது உயிருள்ளதென்னும் அறிவு, கொல்லும் எண்ணம், முயற்சி, அதனால் நேரும் சாவு. கொத்தும்போது காணாமல் வெட்டுண்ட புழுவின்பால் அறிவும் இல்லை, எண்ணமும் இல்லை. ஆகவே அது கொலையாகாது.

இத்தோடு நிறுத்திக்கொள்வது எளிது, பலரும் நிறுத்திவிடுகின்றனர். ஆனால் புழு இருப்பதை ஒருமுறை கண்டவன், மறுமுறையும் அதே இடத்தில் அதே வேகத்தோடு வெட்டுவானாயின், “அறியேன்” என்று சொல்ல அவனுக்கு இனி உரிமை உண்டா? ஏர் உழும் வயல் நம் அறியாமைக்கு இடம் கொடுக்கிறது. நான்கடி அகலப் பாத்தியோ கொடுப்பதில்லை; அங்கே ஒவ்வொரு இலையின் அடிப்புறமும் கண்ணுக்கு எட்டுகிறது.

நல்வேளையாக, பாத்தியின் அமைப்பே ஒரு வழியும் தருகிறது. நெய்யாற்றின்கரைப் பகுதியில் தென்மேற்கு மழையும் ஐப்பசி மழையும் இரண்டும் கனத்துப் பெய்வன; சமநிலத்தில் விதைத்த கீரை நீர் தேங்கி அழுகிவிடும். மண்ணை ஓரடி உயர்த்தி, ஓரங்களில் வெட்டுக்கல்லோ தேங்காய்மட்டையோ அடுக்கினால் நீர் வடியும். மரச்சீனிக்கு மண்ணைக் கூட்டி நடும் இவ்வூராருக்கு இது புதுமையன்று. அகலம் நான்கடிக்கு மிகாதிருப்பின் இருபுறமிருந்தும் கை எட்டும். உள்ளே கால் வைக்க வேண்டுவதில்லை. கால் படாத மண் இறுகாது. இறுகாத மண்ணை ஆண்டுதோறும் கொத்த வேண்டுவதில்லை. சருகையும் மக்கிய சாணத்தையும் மேலே பரப்பினால் கீழே புழுக்களே உழுதுகொள்கின்றன. செம்மண்ணின் புளிப்பு நீங்கச் சிறிது சுண்ணாம்பு, அவ்வளவே. முதலாண்டிற்குப் பிறகு மண்வெட்டியை நாம் பாத்தியில் இறக்கவில்லை. பாகற்பிஞ்சுகளைக் காகிதப் பையால் மூடினோம். ஈ முட்டையிட இடமின்றிப் போயிற்று.

களியக்காவிளை வழியாக லாரிகளில் வரும் காய்களை வாங்கி உண்போர் சிலர், “எங்கள் கை தூயது” என்கின்றனர். உபாசகன் நீக்க வேண்டிய ஐந்து வாணிகங்களுள் நஞ்சு விற்றல் ஒன்று. உழவு அப்பட்டியலில் இல்லை. தாம் தெளிக்காத மருந்து தம் காய்க்காகத் தெளிக்கப்பட்டிருக்கலாம் என்பதை இவ்வன்பர்கள் எண்ண வேண்டும். காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் 1970களின் பிற்பகுதி முதல் 2000 வரை ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பான் தெளித்தனர். அருகிலிருந்த சிற்றூர் மக்கள், பிறவி ஊனங்களும் நோய்களும் அதனால் பெருகினவென்று பல்லாண்டு போராடினர். 2011இல் உச்சநீதிமன்றம் அந்நஞ்சைத் தடைசெய்தது. வானத்திலிருந்து தெளித்தவன் பூச்சியையும் காணவில்லை, முற்றத்தில் நின்ற குழந்தையையும் காணவில்லை.

இனி நாம் தோற்ற இடத்தைக் கூறவேண்டும். ஆப்பிரிக்கப் பெருநத்தை 1847இல் கல்கத்தாவில் கொண்டுவந்து விடப்பட்ட உயிர். இன்று கேரளத்தில் மழைதோறும் பெருகுகிறது. ஒரே இரவில் வெண்டை நாற்று முழுவதையும் மொட்டையாக்கிவிடும். அதன் உடலில் தங்கக்கூடிய ஒருவகைப் புழு, மனிதரின் மூளைச்சவ்வில் அழற்சி உண்டாக்க வல்லது. குழந்தைகள் விளையாடும் முற்றத்தில் இதைப் புறக்கணிக்க இயலாது. மாலையில் ஈரச்சாக்கின் அடியில் பப்பாளியிலை வைத்தால் விடியலில் அவை அங்கே கூடியிருக்கும். அவற்றைக் கூடையில் அள்ளி, நெய்யாற்றின் ஓரத்துப் புதரில் விட்டுவந்தோம். சீலம் காத்த மகிழ்ச்சியோடு வீடு திரும்பினோம். பத்து நாள் கழித்து, அங்கே பயறு போட்டிருந்த மூதாட்டி ஒருவர் வந்து, “பிள்ளைகளா, உங்கள் புண்ணியம் என் பயற்றைத் தின்றுவிட்டது” என்றார். நமக்கு விடை இல்லை. நம் கையிலிருந்த பழியை அவர் கையில் வைத்துவிட்டு வந்திருந்தோம்.

அதன்பின் உப்புநீர் வாளி வைத்தோம். உரையாசிரியர் கூறிய ஐந்து உறுப்புகளும் அங்கே குறைவற நிறைவேறுகின்றன. அறியாமை என்றோ கருணை என்றோ அதற்குப் பெயர் சூட்ட நாம் துணியவில்லை. அன்று மாலை சீலத்தை மீண்டும் ஏற்கிறோம். முதல் வரியில் குரல் தாழ்கிறது. நத்தை பதுங்கும் மட்டைக்குவியல்களை அகற்றி, முட்டைகளை மண்ணில் கண்டவுடன் எடுத்துவிட்டால் பின்னர் வாளிக்கு வருபவை குறையும் என்றார் அவ்வுபாசகர். முட்டையை அழிப்பது மட்டும் எவ்வகை என்று கேட்டோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு குனிந்து, நம்மோடு சேர்ந்து மட்டைகளை அகற்றத் தொடங்கினார். சென்ற ஐப்பசியில் வாளியில் விழுந்தவை முன்னினும் குறைவு; ஆயினும் விழுந்தன.