தொட்டு நாமமும் தோலின் அறிவும்



அன்புக்கொடி மக்களே, பதிக்கோ தாங்கலுக்கோ போனால் நாம் தொட்டு நாமம் சாத்திக்கொள்கிறோம். பணிவிடையாளரின் விரல் நெற்றியில் படுகிறது. அந்த அழுத்தம் ஒரு நொடி தெரியும். இனிமம் வாங்கிக்கொண்டு படியிறங்கும்போது நெற்றியில் மண் இருக்கும் நினைவே இருக்காது. தோலின் இயல்பு அது. புதிதாக ஒன்று பட்டால் உடனே சொல்லும். அதுவே நீடித்தால் சொல்வதை நிறுத்திவிடும். இடுப்பில் கட்டிய வேட்டி நாள் முழுதும் நமக்குத் தெரியாமலிருப்பதும் இதனால்தான்.

மெய், வாய், கண், மூக்கு, செவி என்று ஐம்புலன்களை எண்ணும்போது மெய்யை முதலில் வைத்தார்கள் நம் பெரியோர். கண்ணை மூடலாம், மூக்கைப் பொத்தலாம். தோலை மூட வழியில்லை. அதற்கு ஓய்வும் இல்லை.

ஆனால் தோலுக்குத் தெரிந்தது மிகக் கொஞ்சம். சூடு, குளிர், அழுத்தம், அதிர்வு, வலி, அரிப்பு என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். அதிலும் ஏமாறும். ஒரு கையை வெந்நீரிலும் மறு கையைக் குளிர்ந்த நீரிலும் சற்று நேரம் வைத்துவிட்டு, இரண்டையும் ஒரே வாளி வெதுவெதுப்பான நீரில் விட்டுப் பாருங்கள். ஒரு கை குளிர்கிறது என்னும், மற்றது சுடுகிறது என்னும். தண்ணீர் ஒன்றுதான்.

வற்றல் மிளகாய் அரைத்த கை எரிவதை நம் வீட்டுப் பெண்கள் அறிவார்கள். கை சுட்டதைப் போலவே இருக்கும், ஆனால் அங்கே நெருப்பு இல்லை. ஏறத்தாழ 43 டிகிரி சூட்டில் திறந்துகொள்ளும் ஒரு சிறு வாசல் நம் நரம்பு நுனிகளில் இருக்கிறது. மிளகாயின் காரமும் அதே வாசலைத்தான் திறக்கிறது. அந்த நரம்புக்குத் தெரிந்த சொல் 'சுடுகிறது' என்பது ஒன்றே. திறந்தது தீயா காரமா என்று அது கேட்பதில்லை. இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியசுக்கும், தொடுதலை உணரும் வாசல்களைக் கண்டறிந்த ஆர்டெம் படாபூட்டியனுக்கும் 2021-இல் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இத்தனை தேடியும் உடம்பில் சாதியை உணரும் நரம்பு ஒன்றையும் எவரும் காணவில்லை. இருக்காது என்பது அய்யாவின் மக்களுக்கு முன்பே தெரியும்.

அய்யா வைகுண்டர் வாழ்ந்த காலத்துத் திருவிதாங்கூரில் இன்னார் இன்னாரிடமிருந்து இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று கணக்கு இருந்தது. பட்டால் தீட்டு, சிலர் கண்ணில் தென்பட்டாலே தீட்டு. கோயில் பிரசாதத்தைக் கையில் படாமல் எட்ட நின்று எறிந்தார்கள். அந்த நாட்டில்தான் அய்யா, நெற்றியைத் தொட்டு நாமம் சாத்தும் முறையைத் தந்தார். முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியாரையும் ஒன்றாய்க் குளிக்க வைத்தார். சாதி பொய் என்று உபதேசம் மட்டும் செய்திருக்கலாம் அல்லவா? செய்திருந்தால் காது ஒப்புக்கொண்டிருக்கும், தோல் ஒப்புக்கொண்டிருக்காது.

இதை நான் ஏட்டில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. சில மாதங்களுக்கு முன் தாங்கலில் அன்னதர்மப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இலைக்கு ஒருவர் வந்தார். குளித்து, தலைப்பாகை கட்டி, நாமம் தரித்திருந்தார். ஊரில் சாக்கடை அள்ளும் வேலை அவருக்கு. அவர் முழங்கை என் கையில் பட்டது. நான் நினைப்பதற்கு முன்பே என் கை சற்று உள்ளே போய்விட்டது. என் மூக்கில் எந்த நாற்றமும் படவில்லை. அவர் யார் என்பது எனக்குத் தெரியும், அவ்வளவுதான். அவரும் ஒன்றும் சொல்லாமல் இலையோடு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தார். அன்று சோறு இறங்கவில்லை.

தானாக நடந்ததற்கு நான் எப்படிப் பொறுப்பு என்று வீட்டில் படுத்துக்கொண்டு எனக்கே வக்காலத்து பேசிப் பார்த்தேன். நியாயமான கேள்விதான். சூட்டில் பட்ட கையைத் தண்டுவடமே இழுத்துவிடுகிறது. மூளைக்குச் சேதி போய் வலி தெரிவது அதற்குப் பிறகு. அதில் பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை. ஆனால் அது பிறவியிலேயே வந்தது. கைக்குழந்தை சாதி பார்த்து மடி தேடுவதில்லை. பந்தியில் என் கை இழுத்துக்கொண்டது பிறவியில் வந்ததல்ல, சிறு வயதில் "எடே, அங்கே தொடாதே" என்று கேட்டுக் கேட்டு, காது வழியாய் நுழைந்து தோலில் போய்க் குடியிருந்தது. அதை உள்ளே வைத்தவர் வேறு யாரோ. இத்தனை வருடம் இடம் கொடுத்தவன் நான்.

அகிலத்திரட்டில் குறோணியின் ஆறு துண்டுகளில் கடைசித் துண்டே கலியனாய் வருகிறான். இரணியனைப் போல, இராவணனைப் போல எதிரே வந்து நிற்கும் பகைவன் அல்ல, மாயையாய் மனத்துக்குள்ளே இருப்பவன் என்று பெரியவர்கள் விளக்குவார்கள். பந்தியில் நான் அவனைக் கண்டேன் என்றே நினைக்கிறேன். ஒரு சாண் அகலத்தில் இருந்தான்.

பழக்கத்தால் வந்தது பழக்கத்தால்தான் போகும். துவையல் தவசில் 700 குடும்பங்கள் வாகைப்பதியில் சேர்ந்து துவைத்து, சேர்ந்து குளித்து, சேர்ந்து உண்டார்கள் என்று படிக்கும்போதெல்லாம் அது உடல் சுத்தத்துக்கு என்றே எண்ணியிருந்தேன். நாள்தோறும் ஒரே நீரில், ஒரே பந்தியில் இருந்தால் தோல் என்ன ஆகும் என்று நான் யோசித்ததில்லை. நெற்றி மண்ணை மறக்கிற அதே தோல்தானே?

இப்போது பந்தியில் அவர் இருக்கும் இடம் பார்த்துப் போய் உட்காருகிறேன். முதல் சில வாரம் என் கை இறுகத்தான் செய்தது. அவரும் இலைக்கு இலை இடம் விட்டே உட்காருவார்; அவர் தோலுக்கும் யாரோ பாடம் சொல்லி வைத்திருக்கிறார்கள், என்னுடையதைவிடக் கடுமையாக. போன ஞாயிற்றுக்கிழமை சாம்பார் வாளிக்காரரைக் கூப்பிடக் கையைத் தூக்கினேன். இறக்கும்போது என் முழங்கை அவர் மேல் பட்டது. அவர் தள்ளிப்போகவில்லை. "எனக்கும் கொஞ்சம் விடச் சொல்லுங்க" என்றார்.