பிள்ளையைப் பார்த்துக்க மாட்டியா?

புதுக்கோட்டைக்காரர்களுக்கு மாசி என்றால் திருவப்பூர் மாரியம்மன். பங்குனி என்றால் நார்த்தாமலை. தேர் பார்க்கப் போகிற கூட்டத்தில் பாதி, கடை பார்க்கப் போகிற கூட்டம்தான். பீப்பியும் பலூனும் தொங்கிய கடைகளில் இப்போது கலர் கலராக லைட் எரிகிற பொம்மைகள். ஐம்பது ரூபாய், நூறு ரூபாய். பொடிசு கையைக் காட்டினால் தாய்மாமன் வாங்கித் தராமல் இருப்பாரா?

அந்த லைட்டுக்கு உள்ளே இருப்பது சட்டைப் பட்டன் சைஸில் ஒரு பேட்டரி. பொம்மையின் முதுகு மூடி நகத்தால் நெம்பினாலே திறந்துகொண்டால் போச்சு. பேட்டரி தொண்டையில் சிக்கினால், எச்சில் பட்டு மின்சாரம் ஓடி, இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயை வேகவைத்துவிடும்.

அப்படி நடந்த வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் கேட்பது ஒரே கேள்விதான். 'பிள்ளையைப் பார்த்துக்க மாட்டியா? அப்படி என்ன வேலை உனக்கு?' கூண்டில் நிற்பது அம்மா. அப்பாவையே யாரும் கேட்பதில்லை. பொம்மை செய்தவனையா கேட்கப்போகிறார்கள்!

பி.காம். படித்தபோது மெர்க்கண்டைல் லா பேப்பருக்கு நான் உருப்போட்ட முதல் விதி, 'வாங்குகிறவன் உஷாராக இருக்கணும்' என்பது. சரி, வாங்கியது மாமா. விழுங்கியது பிள்ளை. இதில் யார் உஷாராக இருந்திருக்க வேண்டும்?

1928-ல் ஸ்காட்லாந்தின் பேஸ்லி ஊரில் இதே சிக்கல் வந்தது. தோழி வாங்கிக் கொடுத்த ஜிஞ்சர் பீரை ஒரு பெண்மணி குடித்தார். பாட்டிலுக்குள் அழுகிய நத்தை இருந்தது என்று வழக்கு. காசு கொடுக்காதவருக்கு என்ன உரிமை என்றது கம்பெனித் தரப்பு. பொருள் கடைசியில் யாரிடம் போய்ச் சேருகிறதோ, அவருக்கும் தயாரிப்பாளர் கடமைப்பட்டவர்தான் என்று 1932-ல் பிரபுக்கள் சபை சொல்லிவிட்டது.

நம் ஊரில் 2019-ம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. மாமா வாங்கினாலும் விளையாடுகிற பிள்ளை நுகர்வோர்தான். அம்மா அடுப்படியில் இருந்தாளா, டி.வி. பார்த்தாளா என்பதிலிருந்து சட்டம் ஆரம்பிப்பதில்லை. பொம்மையில் குறை இருந்ததா? அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. வாயில் வைத்தது பிள்ளையின் தப்புதானே என்று எதிர்த்தரப்பு கேட்கலாம். ரெண்டு வயசுப் பிள்ளை பொம்மையை வாயில் வைக்காமல் பூஜையறையிலா வைக்கும்? அதனால்தான் சின்னப் பேட்டரி போடுகிற இடத்தை ஸ்க்ரூ டிரைவர் மாதிரி கருவி இல்லாமல் திறக்க முடியக்கூடாது என்று தரவிதியே இருக்கிறது. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம்.

எனக்கு ரொம்பப் பிடித்த தீர்ப்பு 1998-ல் வந்தது. அது பொம்மை வழக்கு இல்லை. ஆஸ்பத்திரியில் தவறான ஊசியால் மூளை பாதிக்கப்பட்ட ஒரு குழந்தையின் வழக்கு. குழந்தைக்கு 12.5 லட்சம், அது தவிர, பெற்றோர் பட்ட மனவேதனைக்குத் தனியாக 5 லட்சம். உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது. தெரு குற்றவாளியாக நிறுத்துகிற அதே அம்மாவைச் சட்டம், பாதிக்கப்பட்டவர் என்கிறது!

ஆனால் எனக்கு உறுத்துகிற இடமும் இந்தச் சட்டத்தில் உண்டு. செய்தவர் யாரென்றே தெரியாத பொருள் என்றால், பொறுப்பு விற்றவர் தலையில். திருவிழாக் கடைப் பொம்மையில் கம்பெனி பேர் ஏது? கழியில் பொம்மை தொங்கவிட்டு, ராத்திரி கடைக்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்குகிற மனிதர்தான் மாட்டுவார். 'பாவம், அவன் வயித்துல அடிக்கணுமா?' என்பார்கள். நியாயமான இரக்கம்தான். அதில் கொஞ்சம் அந்த அம்மாவுக்கும் ஒதுக்கியிருக்கலாம். தவிர, இது ஏழை வியாபாரி கதை மட்டும் இல்லை. 2023 ஜனவரியில் பி.ஐ.எஸ். அதிகாரிகள் முத்திரை இல்லையென்று பறிமுதல் செய்த 18,600 பொம்மைகளில் மால், ஏர்போர்ட் கடைகளில் இருந்தவையும் உண்டு.

கீழ ராஜ வீதிப் பெரிய கடையோ ஆன்லைன் கம்பெனியோ என்றால் நான் தயங்க மாட்டேன், நஷ்டஈடு கேட்பேன். அறந்தாங்கிக்காரர் டெல்லியிலிருந்து வரவழைத்த பொம்மைக்கும் புதுக்கோட்டை நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. ஆத்திரத்தில் பொம்மையைக் குப்பையில் வீசிவிடுவார்கள் பாருங்கள், அதை மட்டும் செய்யாதீர்கள். அதுதான் முதல் சாட்சி. பில் இல்லாவிட்டால் ஜிபே-யில் பணம் போன விவரம், ஆஸ்பத்திரிச் சீட்டு, அட்டைப்பெட்டி எல்லாம் பத்திரம்.

கழிக்காரர் என்றால்? நஷ்டஈட்டு உத்தரவு வாங்கினாலும் அது வெறும் காகிதம்தான். ஆனால் அவருக்குச் சரக்கு போட்ட ஹோல்சேல்காரர் ஒருவர் இருக்கிறார். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் மனு கொடுக்கலாம். ஆபத்தான பொருள் பற்றிய புகாரை விசாரிக்க இதே சட்டம் கலெக்டருக்கு அதிகாரம் தந்திருக்கிறது. 1915-க்கு போன் போட்டும் சொல்லலாம். நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று மட்டும் இருக்காதீர்கள். திருவப்பூரில் விற்காத சரக்கு நார்த்தாமலைக்குப் போகும். நடுவில் இருப்பது சில வாரம்தான்.