ஆள் போன பின் ஆலயம்

நியூயார்க் மாநிலத்தின் மேற்குக் கோடியில், ஈரி ஏரிக்கரையில் இருக்கும் பஃபலோ, தானியத்தாலும் எஃகாலும் ரயிலாலும் வளர்ந்த நகரம். 1825-இல் ஈரி கால்வாய் திறக்கப்பட்டது. 1842-இல் ஜோசஃப் டார்ட் என்ற வணிகர், நீராவியால் இயங்கும் தானியக் கிடங்கை உலகிலேயே முதன்முதலாக அங்கே கட்டினார். கப்பலில் வந்த கோதுமையை மூட்டை கட்டிச் சுமக்காமல் இயந்திரமே மேலே ஏற்றிச் சேமித்தது. ஜெர்மானியர், ஐரிஷ்காரர், போலந்துக்காரர், இத்தாலியர் என்று வேலை தேடி வந்தவர்களால் ஊர் நிறைந்தது. 1950 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 5,80,132. பிறகு சரிவு தொடங்கியது. 1959-இல் செயின்ட் லாரன்ஸ் கடல்வழி திறந்ததும் கப்பல்களுக்குப் பஃபலோவில் நிற்கவேண்டிய தேவை போயிற்று. பக்கத்து லாக்கவானாவில் இருந்த பெத்லகேம் எஃகாலை 1983-இல் பெரும்பாலும் மூடப்பட்டது. 2010-இல் நகரில் எஞ்சியிருந்தவர்கள் 2,61,310 பேர்.

ஆட்கள் போனார்கள், கட்டடங்கள் நின்றன. 1929-இல் திறந்து 1979-இல் மூடிய பதினேழு மாடி மத்திய ரயில் நிலையம், 1974-இல் நோயாளிகள் வெளியேற்றப்பட்ட பழைய மாநில மனநல மருத்துவமனை, ஆற்றோரத்தின் கான்கிரீட் தானியக் கிடங்குகள், கிழக்குப் பகுதியில் தெருவுக்குத் தெரு எழும்பிய கத்தோலிக்க ஆலயங்கள். இவற்றில் ஆலயங்கள் எழுப்பும் கேள்விதான் மிகக் கூர்மையானது. கடவுளுக்கு என்று கொடுத்துவிட்ட கட்டடத்தில் வழிபட யாரும் இல்லாமல் போனால், அந்தக் கொடை என்ன ஆகிறது? புனிதம் சுவரில் இருக்கிறதா, கூடும் மக்களிடம் இருக்கிறதா, கொடுத்த செயலிலேயே இருக்கிறதா? ஒவ்வொரு சமய மரபும் இதற்குத் தனித்தனி விடை வைத்திருக்கிறது. கட்டடத்தை விற்கலாமா, இடிக்கலாமா, வேறொருவருக்குக் கொடுக்கலாமா என்பதெல்லாம் அந்த விடையைப் பொறுத்தது.

கத்தோலிக்கத் திருச்சபையின் பார்வையில் புனிதம் நேர்ந்தளிப்பால் வருகிறது. ஆயர் ஓர் ஆலயத்தை அர்ப்பணித்துவிட்டால், அங்கே ஒருவர்கூட வராவிட்டாலும் அது ஆலயம்தான். அந்த நிலை மாறவேண்டுமானால் கட்டடம் பெரும்பகுதி அழியவேண்டும், அல்லது நிரந்தரமாக உலகியல் பயனுக்குப் போகவேண்டும். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1222-ஆம் விதி, செப்பனிடவே முடியாத ஆலயத்தையும், கடுமையான வேறு காரணம் உள்ள ஆலயத்தையும் ஆயர் உலகியல் பயனுக்கு விடலாம் என்கிறது. ஆனால் அந்தப் பயன் இழிவானதாக இருக்கக்கூடாது. பங்கு மக்களின் எண்ணிக்கை குறைந்தது என்பது மட்டுமே கடுமையான காரணம் ஆகிவிடாது. மூடப்பட்ட பங்குகளின் மக்கள் அமெரிக்காவின் பல நகரங்களிலிருந்து உரோமைக்கு மேல்முறையீடு செய்ததற்கு இந்த விதியே அடிப்படை.

பஃபலோவின் புனித ஜெரார்ட் ஆலயத்தின் கதை இந்தக் கொள்கையை ஒரு விளிம்புக்குத் தள்ளிப் பார்த்தது. பெய்லி சாலையும் கிழக்கு டெலவன் சாலையும் சந்திக்கும் முனையில் 1911-இல் எழுந்த சுண்ணாம்புக்கல் ஆலயம் அது. உரோமையின் மதிலுக்கு வெளியே உள்ள புனித பவுல் பேராலயத்தை மாதிரியாகக் கொண்டது. 2008-இல் மூடப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் ஒரு யோசனை முன்வைக்கப்பட்டது. ஜார்ஜியா மாநிலத்தின் நார்க்ராஸில், அட்லாண்டாவின் புறநகரில், அரசியாம் மரியா என்ற பங்கு வளர்ந்துகொண்டிருந்தது. அவர்களுக்குப் பெரிய ஆலயம் வேண்டியிருந்தது. புனித ஜெரார்டைக் கல் கல்லாகக் கழற்றி, எண்ணிட்டு, ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் லாரிகளில் கொண்டுபோய் அங்கே மறுபடி அடுக்குவது என்று திட்டமிட்டார்கள். அப்படியொரு கட்டடத்தைப் புதிதாகக் கட்டுவதைவிட இதற்குச் செலவு குறைவு என்று கணக்கும் காட்டினார்கள். தேவையான பணம் திரளாததால் திட்டம் நிறைவேறவில்லை; ஆலயம் பஃபலோவிலேயே நின்றுவிட்டது.

பணம் திரண்டிருந்தால் நார்க்ராஸில் எழுந்திருப்பது எந்த ஆலயம்? கல் அதே கல். ஆனால் அந்தக் கல்லுக்குக் காசு கொடுத்தவர்கள் பெய்லி சாலையைச் சுற்றி வாழ்ந்தவர்கள். அவர்களுடைய திருமணமும் திருமுழுக்கும் அடக்கத் திருப்பலியும் நடந்த இடம் அந்த முனைதான். கட்டடம் போயிருந்தால் அவர்களுக்கு மிஞ்சியிருப்பது ஒரு காலி மனை. அதே வேளை, பூட்டிய கதவுக்குப் பின்னால் மழைநீர் ஒழுகிக் கூரைப்பூச்சு உதிர்வதைவிட, வேறோர் ஊரிலாவது அந்தக் கூரையின் கீழ் திருப்பலி நடப்பது நல்லது என்று சொன்னவர்களையும் குறைசொல்ல முடியாது. புனிதம் நேர்ந்தளிப்பில் இருக்கிறது என்னும் மரபுக்கு, நேர்ந்தளிக்கப்பட்டது கல்லா இடமா என்ற கேள்வி இங்கே மிக நெருக்கமாக வந்தது.

சீர்திருத்த மரபுக்கு இந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. கட்டடத்துக்கென்று மறைவான புனிதம் எதுவும் கிடையாது, விசுவாசிகள் கூடுவதால்தான் அது ஆலயம் என்று பதினாறாம் நூற்றாண்டிலேயே கால்வின் எழுதிவிட்டார். கூட்டம் கலைந்தால் மிஞ்சுவது கல்லும் மரமும். மெதடிஸ்டுகள் ஓர் ஆலயத்தை விடும்போது, அங்கே பெற்ற நன்மைகளுக்கு நன்றி சொல்லி, வழிபாட்டுப் பயனிலிருந்து அதை விடுவிக்கும் சிறு சடங்கு ஒன்றைச் செய்வார்கள். பஃபலோவின் டெலவேர் அவென்யூவில் இருந்த ஆஸ்பரி மெதடிஸ்ட் ஆலயம் இடிபடும் நிலைக்குப் போனது. பாடகி ஆனி டிஃப்ராங்கோவின் இசைத்தட்டு நிறுவனம் அதை வாங்கிச் செப்பனிட்டு, பேப்வில் என்ற பெயரில் கச்சேரி அரங்காக்கியது. கொள்கைக்கு இதில் உறுத்தல் எதுவும் இல்லை. ஆனாலும் ஒரு குறை இருக்கிறது. கட்டடத்தில் எதுவும் தங்குவதில்லை என்றால், கலைந்துபோன கூட்டம் விட்டுச்சென்ற சுவருக்கு யாருக்கும் கடமையும் இல்லை. ஆஸ்பரிக்கு நல்ல கை வாய்த்தது. அந்த வாய்ப்புக் கிடைக்காமல் இடிந்தவை பல.

இசுலாமியச் சட்டம் கேள்வியை உரிமையின் வழியாக அணுகுகிறது. பள்ளிவாசல் என்பது வக்ஃப். கொடுத்தவரின் உடைமையிலிருந்து விலகி இறைவனுக்கு ஆனது. சுற்றியிருந்த ஊர் காலியாகி, தொழ ஆள் இல்லாமல் போனால்? அபூ ஹனீஃபாவின் வழிவந்த ஹனஃபி சட்ட மரபுக்குள்ளேயே இருவேறு தீர்ப்பு உண்டு. அபூ யூசுஃப், அது இறுதிநாள்வரை பள்ளிவாசலே என்றார். அவரைப் போலவே அபூ ஹனீஃபாவிடம் பயின்ற முஹம்மது அஷ்-ஷைபானி, நோக்கம் அற்றுப்போனதால் அது கொடுத்தவருக்கோ வாரிசுகளுக்கோ திரும்பும் என்றார். ஹன்பலி அறிஞர்கள், அதை விற்று அந்தப் பணத்தை வேறொரு பள்ளிவாசலுக்குச் செலவிடலாம் என்றார்கள். மூன்று தீர்ப்பும் ஆள் இல்லாத கட்டடத்தைக் கண்முன் நிறுத்தி யோசித்தவை. காலியான ஊர்கள் தொழிற்புரட்சிக்குப் பிறகு வந்த புதுமை அல்ல.

பஃபலோவில் இந்த மரபு எதிர்த்திசையிலிருந்து வந்து சேர்ந்தது. ஜெனசி தெருவில் போலந்துக்காரர்கள் கட்டிய அமைதியின் அரசி ஆலயம் மூடப்பட்டபின், முஸ்லிம்கள் அதை வாங்கி ஜாமி மஸ்ஜித் ஆக்கினார்கள். சோபியெஸ்கி தெருவில் இருந்த போலந்து தேசிய கத்தோலிக்கப் பேராலயமும் பள்ளிவாசலாகி, அதையொட்டி மதரசாவும் வந்தது. நியூயார்க் நகரத்து வாடகையைத் தாங்கமுடியாமல் வந்த வங்கதேசக் குடும்பங்கள் கிழக்குப் பகுதியில் பாழடைந்த வீடுகளை வாங்கிப் புதுப்பித்துக் குடியேறினார்கள். இதைச் சமயங்களின் வெற்றி தோல்வியாகப் பார்ப்பது பிழை. புலம்பெயர்ந்த கூலித் தொழிலாளி காசு சேர்த்து எழுப்பிய கூரையின் கீழ், இன்னொரு புலம்பெயர்ந்த தொழிலாளி நெற்றியைத் தரையில் வைக்கிறான். கட்டியவர்களின் நோக்கத்துக்கு இதைவிட நெருக்கமான பயன் பேப்வில்லில்கூட இல்லை.

யூத மரபின் விடைதான் எல்லாவற்றிலும் நுணுக்கமானது. பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் மெகில்லா பகுதி, தொழுகைக்கூடத்தை விற்பது பற்றிப் பேசும்போது ஒரு நிபந்தனை வைக்கிறது: விற்றாலும், வாங்குபவர் அதைக் குளியல்கூடமாகவோ தோல் பதனிடும் இடமாகவோ சலவைக்கூடமாகவோ ஆக்கக்கூடாது. அடுத்த விதி பாழான தொழுகைக்கூடத்தைப் பற்றியது. ரப்பி யூதா அதன் தடைகளை அடுக்குகிறார். அங்கே பொது இரங்கல் உரை நிகழ்த்தக்கூடாது, கயிறு திரிக்கக்கூடாது, வலை விரிக்கக்கூடாது, கூரையில் விளைச்சலைக் காயப்போடக்கூடாது, குறுக்குவழியாக அதனுள் புகுந்து போகக்கூடாது. பாழானாலும் அது திருத்தலமே என்பதற்கு லேவியராகமத்தின் வசனம் ஒன்று ஆதாரமாகக் காட்டப்படுகிறது. பிறகு, உள்ளே புல் முளைத்தால் பிடுங்கவேண்டாம், பார்ப்பவர் மனம் நோகட்டும் என்கிறது அந்த விதி. மிஷ்னாவை விளக்கும் தால்மூத் இன்னும் ஒரு படி போய், பிடுங்கினால் அங்கேயே போட்டுவிடு, மாட்டுக்குத் தீனியாகக் கொண்டுபோகாதே என்று விளக்குகிறது.

இந்த விதி கட்டடத்தைவிடச் சுற்றி இருப்பவர்களை நோக்கியே பேசுகிறது. புனிதம் இன்னும் உண்டு என்று சொல்வதோடு அது நிற்கவில்லை. அந்தப் புனிதம் இப்போது கேட்பது என்ன என்றும் சொல்கிறது. பாழை மறைக்காதே, அதிலிருந்து லாபம் எடுக்காதே, அதை வெறும் வழியாக்காதே, அதைப் பார்த்து வருந்து. இதற்கு நேர்மாறாக, பாழடைந்த தொழில் நகரங்களின் சிதிலங்களை அழகுப் படங்களாக எடுத்து நூலாக்கி விற்கும் வழக்கம் கடந்த சில பதிற்றாண்டுகளில் பெருகியிருக்கிறது. அந்தப் படங்களில் புல் உண்டு, வெளிச்சம் உண்டு. எதிர்வீட்டில் இன்றும் குடியிருப்பவர் மட்டும் அவற்றில் இல்லை. பஃபலோவின் கிழக்குப் பகுதி ஆளற்ற நிலம் அல்ல. பூங்காக் கலைஞர் ஓல்ம்ஸ்டெட் வடிவமைத்த ஹம்போல்ட் பூங்காச்சாலையின் மரங்களை வெட்டி அதன் மேல் கென்சிங்டன் விரைவுச்சாலையைப் போட்டபோது இரண்டாகப் பிளக்கப்பட்டது அங்கே வாழ்ந்த கறுப்பினக் குடியிருப்பு. கூட்டம் ஆலயத்தை விட்டுப் போனதற்கு வேலையிழப்பு மட்டும் காரணமில்லை. வெள்ளையர் புறநகருக்கு நகர்ந்ததும், கறுப்பினத்தவருக்கு அங்கே வீடு கிடைக்காமல் தடுக்கப்பட்டதும் காரணம். ரப்பிகள் சொன்ன வருத்தம் இந்தக் காரணங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் முழுமையாகும்.

சமயம் சாராத கட்டடங்களுக்கு இந்தச் சிந்தனை பொருந்துமா? 1849-இல் ஆங்கிலக் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின், பழைய கட்டடங்கள் இன்று இருப்பவர்களின் சொத்தே அல்ல, ஒரு பங்கு கட்டியவர்களுக்கும் ஒரு பங்கு இனி வரப்போகும் தலைமுறைகளுக்கும் உரியவை என்று வாதிட்டார். வக்ஃபுக்கு இது வெகு அருகில் வருகிறது. 1903-இல் வியன்னாவின் கலை வரலாற்றாசிரியர் அலோய்ஸ் ரீகல், பயன்மதிப்பையும் முதுமையின் மதிப்பையும் பிரித்துக் காட்டி, இரண்டும் ஒன்றோடொன்று மோதும் என்றார். பஃபலோவின் ரயில் நிலையத்தில் ரஸ்கினின் வாதம் எளிதாகப் பொருந்துகிறது. 1997-இல் ஒரு தன்னார்வ அமைப்பு அதைப் பொறுப்பேற்றது. விற்கப்பட்டுப்போன கூடத்துக் கடிகாரத்தை மக்கள் பணம் திரட்டி மீட்டுக்கொண்டுவந்தார்கள். அங்கிருந்து போருக்குப் புறப்பட்டவர்களையும், அங்கே வந்து இறங்கிய உறவினர்களையும் நினைத்துப் பணம் கொடுப்பதில் சிக்கல் இல்லை.

மனநல மருத்துவமனையில் அந்த வாதம் தடுமாறுகிறது. எச். எச். ரிச்சர்ட்சன் வடிவமைத்து 1880-இல் திறந்த அந்தச் செம்மணற்கல் கட்டடம், வெளிச்சமும் காற்றும் தோட்டமுமே மனநோய்க்கு மருந்து என்ற நம்பிக்கையில் எழுந்தது. நடுவில் இரட்டைக் கோபுரம். இருபுறமும் பறவைச் சிறகுபோல் பின்வாங்கிச் செல்லும் நோயாளிக் கூடங்கள். நம்பிக்கை நல்லது; ஆனால் அமெரிக்காவின் இத்தகைய மருத்துவமனைகள் பலவும் பின்னாளில் நெரிசல் மிகுந்த அடைப்பிடங்கள் ஆயின. 1969-இல் கிழக்குச் சிறகின் மூன்று கூடங்கள் இடிக்கப்பட்டன. 2017-இல் நடுப்பகுதி தங்கும் விடுதியாகத் திறந்து, 2021-இல் மூடி, 2023-இல் வேறு பெயரில் மறுபடி திறந்தது. ரீகலின் கணக்கில் இது பயனும் முதுமையும் சமரசம் கண்ட இடம். ஆனால் கட்டியவர்களுக்கும் வரப்போகிறவர்களுக்கும் உரிமையைப் பங்கிட்ட ரஸ்கின், உள்ளே வைக்கப்பட்டவர்களுக்கு என்று ஒரு பங்கும் எழுதவில்லை. அந்தக் கூடங்களுக்கு அவர்கள் கொடுத்தது காசு அல்ல, வாழ்நாள். விடுதியாக்குவது தவறு என்று இதனால் ஆகிவிடாது. பூட்டி வைப்பதால் அவர்களுக்கு எந்த நீதியும் கிடைத்துவிடப் போவதில்லை. கட்டடத்தின் வரலாற்றைச் சொல்லும்போது ரிச்சர்ட்சனின் பெயருக்கும் ஓல்ம்ஸ்டெட்டின் தோட்டத்துக்கும் கிடைக்கும் இடம் அவர்களுக்கும் கிடைக்கவேண்டும் என்பதுதான் ரப்பி யூதாவின் விதியிலிருந்து இங்கே பெறக்கூடிய குறைந்தபட்சக் கடமை.