பருந்து கேட்ட நியாயம்

சிபிச் சக்கரவர்த்தி கதையை நம்மில் பலர் சமய வகுப்பிலேயே கேட்டிருப்போம். பருந்துக்குப் பயந்த புறா ஒன்று அரசனிடம் அடைக்கலம் தேடி வருகிறது. அதைக் காப்பாற்ற அவன் தன் தொடைச் சதையை அறுத்துத் தராசில் வைக்கிறான். எவ்வளவு வைத்தும் தட்டு சமமாகவில்லை. கடைசியில் தானே ஏறி அமர்கிறான். மகாபாரதத்தின் வன பர்வத்தில் வரும் கதை இது. சோழர்கள் இவனைத் தங்கள் குல முன்னோனாகக் கொண்டதால் புறநானூற்றிலும் வருகிறது. பாண்டியன் அவையில் கண்ணகி தன் ஊர்ப் பெருமையைச் சொல்லும்போது முதலில் சொல்வதும் இதைத்தான்.

கதை கேட்கிற நாம் புறாவோடு நின்றுவிடுகிறோம். பருந்து அங்கே ஒரு வாதம் வைக்கிறது. இது எனக்கு விதிக்கப்பட்ட உணவு, இதைப் பறித்தால் நானும் என் குடும்பமும் பட்டினி கிடந்து சாவோம், ஒரு உயிரைக் காப்பாற்றப் பல உயிரைக் கொல்வது என்ன தர்மம் என்று கேட்கிறது. சிபி பருந்தைக் கல்லெறிந்து விரட்டவில்லை. அது கேட்டது நியாயம் என்று ஏற்றுக்கொண்டதால்தான் கத்தியை எடுத்தான்.

இந்த இடத்தை என்னை மறுபடி படிக்க வைத்தது ஒரு பூனை.

நம் ஊரில் இளவேனில் என்று ஒன்று கிடையாது. ஆனாலும் பிப்ரவரி, மார்ச் வெயில் கொஞ்சம் நீண்டால் சாலையோர தெக்கோமா மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு ரோஜா நிறத்தில் பூத்துத் தள்ளும். (அது மத்திய அமெரிக்க மரம். நம்மவர்கள் அதை 'மலேசிய சகுரா' ஆக்கிவிட்டார்கள்!) அப்படி ஒரு மார்ச் காலையில் நானும் தங்கையும் கிள்ளானில் கொமுட்டர் ஏறி, கே.எல். சென்ட்ரலில் எல்.ஆர்.டி. மாறி, மலாயாப் பல்கலைக்கழக வளாகத்திலுள்ள ரிம்பா இல்முவுக்குப் போனோம். 1974இல் தொடங்கிய தாவரத் தோட்டம் அது. மழைக்காட்டு மாதிரியில் வளர்த்திருக்கிறார்கள். மூலிகை, பனை, எலுமிச்சை வகை என்று தனித்தனிப் பகுதிகள் உண்டு. பிரிக்பீல்ட்ஸ் சத்தத்திலிருந்து நாலைந்து ஸ்டேஷன் தள்ளி இப்படி ஓர் இடம் இருப்பதே பலருக்குத் தெரியாது.

பாதையில் சாம்பல் நிறப் பூனை ஒன்று எங்களோடு சேர்ந்துகொண்டது. நாங்கள் நின்றால் நிற்கும், நடந்தால் நடக்கும். திடீரென்று உடம்பைத் தாழ்த்திப் பதுங்கியது. ஏழெட்டு அடி தள்ளி, பறக்கக்கூடப் பழகாத முராய்க் குஞ்சு ஒன்று புல்லில் உட்கார்ந்திருந்தது. தாய்ப்பறவை கிளையில் கத்திக்கொண்டிருந்தது. தங்கை பட்டென்று கை தட்டினாள். குஞ்சு தத்தித் தத்திப் புதருக்குள் போய்விட்டது. பூனை எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பருந்தின் கேள்வி அதில் அப்படியே இருந்தது. நாசி லெமாக் பொட்டலத்திலிருந்த அவித்த முட்டையைத் தங்கை அதற்குப் பிட்டுப் போட்டாள். முட்டை மட்டும் எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். அது வேறு கட்டுரை.

"பூனை பூனையாத்தானே இருந்துச்சு, அண்ணா. நான் தடுத்தது சரியா?" என்றாள்.

விலங்குப் பிறவி வினையை அனுபவிக்கும் பிறவி, புதிதாக வினை சேர்ப்பது மனிதப் பிறவிதான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அப்படியென்றால் குஞ்சு செத்திருந்தால் பாவம் பூனைக்கு இல்லை. யாருக்கும் இல்லையா? காட்டுப் பருந்தாக இருந்தால் அப்படித்தான் சொல்லுவேன். ஆனால் வீட்டுப் பூனை காட்டிலிருந்து தானாக வந்ததல்ல. தானியக் கிடங்கில் எலி பிடிக்கட்டும் என்று மேற்கு ஆசிய விவசாயிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அதைச் சேர்த்துக்கொண்டார்கள். பிறகு கப்பலில் ஏற்றி உலகமெல்லாம் கொண்டுபோனோம். நியூசிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவில் 1894இல் கலங்கரை விளக்கம் வந்தது. அதோடு பூனையும் வந்தது. அங்கே வாழ்ந்த பறக்கத் தெரியாத சின்னஞ்சிறு குருவி இனம் ஒன்று கொஞ்ச காலத்திலேயே இல்லாமல் போனது. அமெரிக்காவில் மட்டும் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடி பறவைகளைக் கொல்வதாக 2013இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதில் பெரும்பகுதி வளர்ப்பவர் இல்லாத பூனைகளின் வேலை.

தெர்மோடைனமிக்ஸ் கணக்கில் முதலில் எல்லைக்கோடு போடச் சொல்வார்கள். எது உள்ளே, எது வெளியே என்று. தெருப்பூனைக்குச் சோறு வைக்கும்போது நாம் பூனையைச் சுற்றி மட்டும் கோடு போட்டுவிட்டு, புண்ணியம் என்று கணக்கை முடித்துவிடுகிறோம். முராய் கோட்டுக்கு வெளியே நிற்கிறது. வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும். அதனால் சோறு வைப்பது மட்டும் பதிலாகாது. கருத்தடை செய்ய வேண்டும், முடிந்தால் வீட்டுக்குள் வைத்து வளர்க்க வேண்டும் என்றேன்.

தங்கை விடவில்லை. "சிபி தன் தொடையைத்தானே அறுத்தான்? நீ பூனையை அறுக்கச் சொல்ற."

ரயில் பத்து நிமிடம் ஓடிய பிறகுதான் எனக்குப் பேச்சு வந்தது. அவள் சொன்னது உண்மை. கருத்தடையில் வலி பூனைக்குத்தான், அதை நாம் கேட்டுச் செய்வதுமில்லை. இருந்தாலும் அது சரி என்றே இன்னமும் நினைக்கிறேன். செய்யாவிட்டால் பிறக்கப்போகும் குட்டிகள் பாதி சாலையில் நசுங்கும், மீதி தோட்டத்தில் வேட்டையாடும். ஆனால் அறுத்துவிட்டு நாம் நகர்ந்துபோனால் சிபியின் பெயரைச் சொல்லத் தகுதியில்லை. சாப்பாடு, மணல், மருத்துவச் செலவு, வெளியூர் போக முடியாத விடுமுறைகள் என்று பதினைந்து வருடம் வரும். நம் தொடையிலிருந்து போக வேண்டிய சதை அது.

தங்கை கைப்பேசியில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். பூனையின் காது நுனி நேராக வெட்டப்பட்டிருந்தது. கருத்தடை முடிந்த தெருப்பூனைக்கு வைக்கும் அடையாளம். யாரோ பிடித்து, கொண்டுபோய், பணம் கட்டி, திரும்பக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அந்தப் பூனைக்கு இனி குட்டி இல்லை. வேட்டை உண்டு. அந்த முராய்க்கு இந்த ஏற்பாடு முழுப் பாதுகாப்பில்லை. அதற்கு மேல் என்ன செய்யலாம் என்பதில் நானும் தங்கையும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

ஒன்றில் ஒத்துப்போனோம். குட்டிகளை அட்டைப் பெட்டியில் போட்டுக் கோயில் வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்களே, அது ஜீவகாருண்யத்தில் சேராது. "சாமி இடம், யாராச்சும் சோறு போடுவாங்க" என்றால், அறுக்க வேண்டிய சதையை அடுத்தவர் தொடையில் தேடுகிறோம் என்று பொருள். நம் கிளையில் மாதம் ஒருமுறை கோயிலில் கோத்தோங் ரோயோங் நடக்கிறது. அந்தப் பெட்டிக் குட்டிகளின் கருத்தடைக்கு ஆளுக்கு 10 ரிங்கிட் போட்டு ஒரு நிதி தொடங்கலாமா என்று அடுத்த கூட்டத்தில் கேட்கப்போகிறேன். தங்கை தன் பங்கை இப்போதே கொடுத்துவிட்டாள். மடிக்காத புது நோட்டு.