விதையும் பெயரும்: உழவில் பெண்ணின் உரிமை குறித்த ஓர் அறவியல் நோக்கு

புனே நகரின் வடமேற்கே, முளா ஆற்றங்கரையில் அமைந்த பகுதி ஔந்த். கருத்தரங்கு ஒன்றிற்காகச் சென்று அங்கு உறவினர் இல்லத்தில் தங்கியிருந்தபோது, காய்கறி அங்காடியில் வெந்தயக்கீரையும் அவரையும் விற்றுக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவருடன் உரையாடும் வாய்ப்புக் கிட்டியது. 'மாவ்ஷி, நீங்கள் ஷேத்கரியா?' என உறவினர் மராத்தியில் வினவினார். ஷேத்கரி என்பது உழவரைக் குறிக்கும் மராத்திச் சொல். 'ஷேத்கரி எங்கள் வீட்டுக்காரர்; நான் நிலத்தில் வேலை பார்க்கிறேன்' என்றார் அவர். களையெடுப்பது, அறுப்பது, விதைக்கென முற்றிய காயைத் தேர்ந்து சாம்பல் கலந்து சேமிப்பது, கூடை சுமந்து நகருக்கு வருவது ஆகிய அனைத்தும் தம் பணியே என்று அடுத்த சில நிமிடங்களில் அவரே கூறினார். இவ்வளவும் செய்பவர் உழவர் அல்லர் எனில் உழவர் யார்? இவ்வினா சொற்பொருள் சார்ந்தது போலத் தோன்றினும் அறம் சார்ந்தது. தமிழ் இலக்கியச் சான்றுகள் சிலவற்றோடும் மராட்டிய மாநிலத்து இயக்கம் ஒன்றோடும் பொருத்தி அதனை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

நிலமும் பெண்ணும்

திருக்குறளின் உழவு அதிகாரம் (104) நிறைவுறும் இரு குறட்பாக்களிலும் நிலம் பெண்ணாகவே காட்சியளிக்கிறது. உரியவன் சென்று பாராதிருப்பின் நிலம் மனைவியைப் போல் ஊடும் என்பது ஒன்று. வறுமை கூறிச் சோம்பியிருப்பாரைக் கண்டு நிலமகள் நகைப்பாள் என்பது மற்றொன்று. இவற்றின் நயத்தை உரைகள் பலபடப் பேசியுள்ளன. ஆயின் நிலம் மனைவியாகிவிட்ட இடத்தில் உழுபவர் கணவராக மட்டுமே இருக்க இயலும் என்பது கருதத்தக்கது. பெண் அங்கு நிலத்தின் இடத்தில் நிற்கிறாள், நிலத்தின்மீது நிற்கவில்லை. வள்ளுவரைக் குறைகூறுவது இதன் நோக்கமன்று. அவ்வதிகாரத்தின் பிற குறட்பாக்கள் பலவற்றில் உழவர் பலர்பாலிலேயே வருகின்றனர். அப்பலர்பாலில் பெண்ணும் அடங்குவாள் எனக் கொள்வதற்குத் தடையேதுமில்லை. உருவகம் நிலைத்த அளவிற்கு அப்பலர்பால் நம் மனத்தில் நிலைக்கவில்லை என்பதே குறை.

விதை யாரிடம் இருந்தது என்பதற்கும் நம் இலக்கியத்தில் சான்றுண்டு. வந்த விருந்தினர்க்கு அளிக்க வேறொன்றும் இல்லாத நிலையில், விதைக்கென வைத்திருந்த தினையை உரலிலிட்டுக் குற்றி உணவாக்கும் இல்லத்தரசியைப் புறநானூற்றின் 333ஆம் பாடல் காட்டுகிறது. விருந்தோம்பலின் உயர்வைச் சொல்வதற்காகவே இக்காட்சி எடுத்தாளப்படுவது வழக்கம். எனினும் இதில் மற்றொரு செய்தியும் உண்டு. விதையை எடுப்பதா வேண்டாவா என்பது அடுத்த பருவத்தின் உணவைப் பற்றிய முடிவு. அம்முடிவை எடுக்கும் இடத்தில் பெண் இருக்கிறாள்.

பெரியபுராணத்து இளையான்குடி மாறனார் வரலாறு இதனினும் தெளிவானது. நள்ளிரவில் மழையில் வந்த அடியவர்க்கு அமுதளிக்க வழியின்றி நாயனார் திகைத்தபோது, பகலில் வயலில் விதைத்த நெல்லை வாரிக் கொணர்ந்தால் சமைக்கலாம் என வழிகூறியவர் அவர் மனைவியார். வாரி வந்தவர் நாயனார். வறுத்துக் குற்றி அமுதாக்கியவர் மனைவியார். அறுபத்து மூவருள் இடம்பெற்ற பெயர் மாறனாருடையது. மனைவியாரின் பெயரைச் சேக்கிழார் கூறவில்லை. செயலின் அறிவும் உழைப்பும் பாதிக்குமேல் அவருடையனவாயிருந்தும் அவர் உறவுமுறையாலேயே அறியப்படுகிறார். போற்றப்படுதல் வேறு, பெயர் பெறுதல் வேறு என்பதற்கு இதனினும் பொருத்தமான சான்று எனக்குத் தெரிந்தவரை இல்லை.

பதிவேட்டில் இல்லாத உழவர்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பெண் பயிரிடுவோர் சுமார் 3.6 கோடி, பெண் வேளாண் கூலித் தொழிலாளர் சுமார் 6.1 கோடி. 2015-16 வேளாண் கணக்கெடுப்போ, சாகுபடி செய்யப்படும் கைப்பற்றுகளில் பெண்கள் பொறுப்பில் உள்ளவை சுமார் 14 விழுக்காடே எனக் காட்டுகிறது. மராட்டியத்தில் நில ஆவணத்தைச் 'சாத்பாரா' என்பர்; ஏழு-பன்னிரண்டு என்பது சொற்பொருள். ஏழாம் படிவம் உடைமையையும் பன்னிரண்டாம் படிவம் விளைபயிரையும் கூறும். நம் பட்டாவும் அடங்கலும் ஒருதாளில் சேர்ந்தாற் போன்றது அது. வங்கிக் கடன், பயிர்க் காப்பீடு, வறட்சி நிவாரணம் யாவும் இத்தாளைப் பற்றியே நடக்கின்றன. இதன் கொடிய விளைவு ஒன்றுண்டு. தற்கொலை செய்துகொண்ட பெண், நிலம் தன் பெயரில் இல்லாமையால், உழவர் தற்கொலைக் கணக்கிலும் சேராது போகிறாள். வாழ்ந்தபோது மறுக்கப்பட்ட பெயர் இறந்தபின்னும் மறுக்கப்படுகிறது.

கடனா, கொடையா?

இந்நிலையை அறவினாவாகவே எதிர்கொண்ட இயக்கம் ஒன்று மராட்டியத்தில் தோன்றியது. புனே மாவட்டத்து ஆம்பேட்டாணில் நிலம் வாங்கி உழவில் இறங்கியவர் சரத் ஜோஷி (1935-2015). அவர் தோற்றுவித்த ஷேத்கரி சங்கடனாவின் பெண்கள் மாநாடு 1986இல் நாசிக் மாவட்டத்துச் சாந்த்வடில் நடைபெற்றது. அதன் தொடர்ச்சியாக 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் 'இலக்குமி முக்தி' இயக்கம் எழுந்தது. கணவர் தம் நிலத்தில் ஒரு பகுதியை மனைவி பெயருக்கு மாற்றித் தரவேண்டும். நூறு குடும்பங்கள் அவ்வாறு செய்த ஊர் 'இலக்குமி முக்தி' ஊர் எனச் சிறப்பிக்கப்படும். அந்நிலத்தில் பெண்கள், வாங்கும் இடுபொருளைக் குறைத்து, வீட்டின் உணவுத் தேவையை முன்னிறுத்திச் செய்யும் வேளாண்மைக்குச் 'சீதை வேளாண்மை' எனப் பொருள்படும் பெயர் வழங்கப்பட்டது.

சீதையின் பெயர் வந்ததற்கு ஒரு பின்புலம் உண்டு. யவத்மாள் மாவட்டத்து ராவேரி என்னும் சிற்றூரில் இராமன் இல்லாத சீதை கோயில் உள்ளது. கைவிடப்பட்டுக் குழந்தைகளுடன் இருந்த சீதை ஊராரிடம் சிறிது கோதுமை கேட்டாள், அவர்கள் மறுத்தனர், அவ்வூரில் கோதுமை விளையாதொழிக எனச் சபித்தாள் என்பது அவ்வூர் வழக்காறு. சிதைந்திருந்த அக்கோயிலைப் புதுப்பிக்க முயன்றவர் ஜோஷி. புறநானூற்றில் விதையைத் தருபவள் பெண். ராவேரியில் தானியத்தை இரந்து பெறாது மீள்பவள் பெண். களஞ்சியச் சாவி கையிலிருக்கும்வரை அவள் அன்னபூரணி. வீட்டைவிட்டு வெளியேறிய மறுகணம் அவளுக்குக் கையளவு தானியமும் உரிமையில்லை. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதே பெண்ணின் உணவு அதிகாரம் எத்துணை நிலையற்றது என்பது புலனாகும்.

நிலம் தருவதைக் கொடை என்னாது இல்லத்து இலக்குமிக்குப் பட்ட கடனைத் தீர்ப்பது என இவ்வியக்கம் முன்வைத்தமை நோக்கத்தக்கது. கொடை கொடுப்பவரின் பெருமை. கடன் பெறுபவரின் உரிமை. நன்றியுணர்வின் தளத்திலிருந்து நீதியின் தளத்திற்கு வினாவை நகர்த்திய வகையில் இது பெரும் முன்னேற்றம் எனலாம். ஆயினும் ஒரு குறை எஞ்சுகிறது. எப்போது, எவ்வளவு தீர்ப்பது என்பதைக் கடன்பட்டவரே முடிவு செய்யும் கடன் இது. தீர்க்காதவரைக் கேட்கும் அதிகாரம் கடன் கொடுத்தவளுக்கு இல்லை.

இன்று பெரிதும் பேசப்படுவது பயன் சார்ந்த வாதம். ஆண்களுக்கு நிகரான வளங்கள் பெண்களுக்குக் கிடைத்தால் அவர்தம் நிலங்களின் விளைச்சல் 20 முதல் 30 விழுக்காடு உயரக்கூடும் என 2011இல் வெளியான ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் அறிக்கை மதிப்பிட்டது. 1993 கில்லாரி நிலநடுக்கத்திற்குப் பின் மராத்வாடாவில் பணியாற்றிய சுயம் சிக்ஷண் பிரயோக் அமைப்பும் இவ்வழியில் குறிப்பிடத்தக்கது செய்துள்ளது. குடும்ப நிலத்தில் ஓர் ஏக்கர் அளவைப் பெண் கேட்டுப் பெற்று, நீர் குறைவாக வேண்டும் பருப்பு, சிறுதானியம், காய்கறி ஆகியவற்றைப் பயிரிடும் முறையை அது பரப்பியது, 2016இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசையும் பெற்றது. பணப்பயிர் பொய்த்த ஆண்டிலும் அடுப்பெரியச் செய்த முறை அது. அதன் பயனை நான் ஐயுறவில்லை. ஆனால் பயனை உரிமைக்கு அடிப்படையாக்குவதை ஏற்க இயலவில்லை. நன்றாக விளைவிப்பதால் பெண்ணுக்கு நிலம் வேண்டும் எனில், ஓராண்டு விளைச்சல் குன்றினால் திரும்பப் பெறலாமா? மோசமாக உழும் ஆணிடம் எவரும் பட்டாவைத் திரும்பக் கேட்பதில்லையே!

எஞ்சுவது உழைப்பு. நிலத்தில் உழைப்பதனாலேயே நிலத்தின்மீது உரிமை பிறக்கிறது என்பதே என் துணிபு. இதனை ஏற்போர் இலக்குமி முக்தியோடு நின்றுவிட முடியாது என்பதையும் ஒப்பவேண்டும். பிறர் வயலில் நாற்று நடும் 6.1 கோடிப் பெண்களின் கோரிக்கை, சொந்த வயலில் உழைக்கும் மனைவியின் கோரிக்கையினும் வலியது. நிலமுடைய குடும்பங்களின் இயக்கம் அவ்விடம்வரை செல்லவில்லை. கீழ்வெண்மணிக் கொடுமைக்குப் (1968) பின் கீழத்தஞ்சையில் பணியைத் தொடங்கி, 1981இல் லாப்டி அமைப்பை நிறுவி, நிலமற்ற தலித் குடும்பங்களுக்குப் பெண்கள் பெயரிலேயே நிலம் பெற்றுத்தந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் சென்ற வழி அது. எம்.எஸ். சுவாமிநாதன் 2012இல் மாநிலங்களவையில் முன்வைத்த பெண் உழவர் உரிமை மசோதாவும், நிலவுடைமையைக் கருதாது, உழைப்பவரையே உழவராக வரையறுக்க முயன்றது. தனிநபர் மசோதாவாகிய அது சட்டமாகாமலே காலாவதியாயிற்று.

சட்டம் வேறொரு வழியில் முன்னேறியுள்ளது. தமிழகம் 1989இலும் மராட்டியம் 1994இலும் நடுவண் அரசு 2005இலும் இந்து வாரிசுரிமையில் மகளுக்குச் சமபங்கு அளித்தன. ஆனால் மகளின் பங்கு பிறந்த ஊரில். அவள் உழைப்பு புகுந்த ஊரில். நாற்பதாண்டு களையெடுத்த நிலத்தில், கணவர் உள்ளளவும், அவளுக்குப் பங்கில்லை. பங்குள்ள நிலத்தில் அவள் கால்பதிப்பதே திருவிழாவிற்குச் செல்லும்போதுதான். ஔந்த் அங்காடியில் அம்மூதாட்டியிடம் இதனையும் கேட்க நேர்ந்தது. தந்தை இறந்த ஆண்டே தம்பியருக்கு 'ஹக்கசோட்' எழுதிக் கொடுத்துவிட்டதாகக் கூறினார். நாம் விடுதலைப் பத்திரம் என்போமே, அது. ஏன் எழுதினீர்கள் என்றதற்கு, 'எழுதாவிட்டால் தீபாவளிக்கு யார் அழைப்பார்கள்?' என்று சொல்லிவிட்டு, எஞ்சிய கீரைக்கட்டுகளின்மேல் நீர் தெளிக்கத் தொடங்கினார்.