யாருக்கு நன்றி?

ஐப்பசி அடைமழை ஓய்ந்தது. மார்கழிப் பனியும் மறைந்தது. பங்குனி வெயில் பட்டை தீட்டுகிறது. அன்று நீரில் நின்ற சம்பாப் பயிர் அறுவடையாகி, வயலில் இன்று தாள் மட்டுமே நிற்கிறது. அந்த வரப்பில் மீண்டும் நடக்கிறோம். நடக்கிறோம் என்பதே செய்தி! ஐந்து திங்களுக்கு முன், இதே வரப்பில், அந்தி மங்கிய வேளையில், கண்ணாடி விரியன் நம் காலைத் தீண்டியது.

மருத்துவமனையில் நம் குருதியைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து வைத்தனர். இருபது நிமிடம் கழித்துச் சாய்த்துப் பார்த்தனர். உறைந்திருக்க வேண்டிய குருதி நீராய் ஓடிற்று. விரியன் நஞ்சின் வேலை அது! நஞ்சுமுறி மருந்தை ஏற்றினர். பொழுது புலர்ந்தது, பிழைத்தோம்.

"ஆண்டவன் அருள்" என்றனர் உறவினர். "ஆயுசு கெட்டி" என்றனர் அண்டை வீட்டார். அன்பால் எழுந்த சொற்கள். அவற்றை எள்ளி நகையாட மாட்டோம். ஆனால், பக்கத்துக் கட்டில் நம்மைக் கேள்வி கேட்டது. அங்கே ஒரு சிறுவன். அவனையும் பாம்புதான் தீண்டியது. மந்திரிப்பவர் வாசலில் நெடுநேரம் காத்துக் கிடந்த பிறகே கொண்டுவந்தனர். அவன் பிழைக்கவில்லை.

நம்மைக் காத்தது அருள் என்றால், அவனைக் கைவிட்டது எது? நம் விதி நல்விதி என்றால், அந்தப் பச்சைப் பிள்ளை செய்த பிழை என்ன? அவன் தாயின் முன் நின்று, "எமக்கு அருள் கிடைத்தது" என்று சொல்லும் துணிவு எவருக்கு வரும்? நமக்கு வரவில்லை, தோழர்களே!

அருளுக்கு முகவரி இல்லை; மருந்துக்கு உண்டு. பாம்பு நஞ்சுக்கு முறிமருந்து காணும் வழியை 1890களில் தொடங்கி வைத்தோருள் ஒருவர் பிரெஞ்சு அறிஞர் ஆல்பர் கால்மெட். நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் குருதியில் விளையும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுப்பதே அம்முறை. நஞ்சைத் தருவோர் யார்? சென்னைக்குத் தெற்கே, வடநெம்மேலியில், 1978இல் தோன்றிய கூட்டுறவுச் சங்கத்தின் இருளர் மக்கள்! நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் எடுத்துவிட்டு, பாம்புகளை மீண்டும் விட்டுவிடுகின்றனர்.

ஊரின் ஓரத்துக்கு ஒதுக்கப்பட்ட மக்கள் எடுத்துத் தந்த நஞ்சு, ஊர் நடுவே வாழ்வோரின் நரம்பில் உயிராய் ஓடுகிறது! ஊசி ஏறும்போது, "எந்தச் சாதியார் கை பட்டது?" என்று கேட்பார் இல்லை. உயிர் மீண்டு ஊர் திரும்பியதும் கேட்கின்றனர்! அம்மக்களுள் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. மகிழ்ந்தோம். ஆனால், விருது தந்தால் கடன் தீர்ந்துவிடுமா?

2000 முதல் 2019 வரை, இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் மாண்டனர் என மதிப்பிட்டது, 2020இல் வெளிவந்த ஆய்வு. பெரும்பாலோர் சிற்றூர் மக்கள். பிழைத்தது நம் தகுதியன்று. நம் தலையில் ஏறிய கடன்.

நேர்த்திக்கடனுக்கென வீட்டார் முடிந்து வைத்த பணத்தில், இரவில் நீர் பாய்ச்சப் போகும் உழவர்களுக்குக் கைவிளக்குகள் வாங்கினோம். நஞ்சுமுறி மருந்து இருக்கும் மருத்துவமனையின் பெயரைத் தெருமுனையில் எழுதி வைத்தோம். சிறு செயல்தான்.

மழை மீண்டும் வரும், பாம்பும் வரும். அன்று நம் தெருப் பிள்ளை ஒன்று, மந்திரிப்பவர் வாசலைக் கடந்து, மருத்துவமனைக்கு விரைந்து பிழைக்குமானால், அன்றுதான் நாம் நன்றி சொன்னவர்கள் ஆவோம்.